வைகாசியில் துலிப் பூக்காது: லிஸ்ஸே தோட்டத்துக்கு இரண்டு முறை போன கதை

போன வருடம் நானும் என் மனைவி கஸ்தூரியும் நெதர்லாந்தின் துலிப் தோட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கஸ்தூரி எங்கள் தெருவில் சொன்னது பொய். அந்தப் பொய்யை அவள் சொல்லும்படி ஆக்கியது, தோட்டம் மூடி மூன்று வாரம் கழித்து எங்களைக் கொண்டுபோய் அதன் கேட்டுக்கு முன்னால் நிறுத்திய சென்னைப் பயண நிறுவனம். பெயரைப் போடவில்லை. அவர்களுக்குத் தெரியும். நான்கு கடிதம் எழுதியிருக்கிறேன், நான்கும் பதிவுத் தபால். பதில் இல்லை.

இந்த வருடம், 2008 ஏப்ரலில், எந்த நிறுவனமும் இல்லாமல் நாங்களே மறுபடி போய்விட்டு வந்தோம். அங்கே போக நினைப்பவர்கள் எங்களைப் போல ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரம், தூரம், செலவு எல்லாம் குறித்து வைத்தபடியே கொடுக்கிறேன்.

குறித்து வைப்பது என் தொழில். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் நேரக் காப்பாளராக இருந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுகிற வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆங்கிலத்தை அகராதியை வைத்துக்கொண்டு நானே கற்றேன். கணினியை அறுபது வயதுக்கு மேல் ராஜ வீதி பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கற்றேன். இந்தத் தமிழ்த் தட்டச்சும் அங்கேதான்.

பேருந்து நிலையத்தில் என் அறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. டயர் வியாபாரி ஒருவர் கொடுத்தது. அதில் மே மாதத் தாளில் ஒரு படம்: புல்வெளி நடுவே சிவப்புப் பூக்கள் ஆறுபோல வளைந்து ஓடும், பக்கத்தில் குளம், ஒரு மரப்பாலம். கஸ்தூரி மதியச் சாப்பாடு எடுத்து வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். "இது எந்த ஊருங்க? நெசமாவே இருக்குதா, இல்ல வரைஞ்சதா?" என்று ஒருநாள் கேட்டாள். ஹாலந்து தேசம், நிஜம்தான், பூவின் பெயர் துலிப் என்று படித்துச் சொன்னேன். "ஒரு தபா பாக்கணும்" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் இதைப் பார்க்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். அந்த வருடம் முடிந்ததும் மே மாதத் தாளை மட்டும் கிழித்துப் பெட்டியில் வைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, முசரவாக்கத்தில் என் பங்குக்கு வந்த நிலத்தில் கொஞ்சத்தை விற்றேன். போகலாம் என்றேன். எப்போது போவது என்பதில்தான் தவறு நடந்தது. அதில் என் பங்கும் உண்டு. மறைக்கவில்லை.

தோட்டத்துக்கு வசந்த காலத்தில் போக வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. வசந்த ருது என்றால் நமக்குச் சித்திரையும் வைகாசியும். பஞ்சாங்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. படமும் மே மாதத் தாளில் இருந்தது. இரண்டும் பொருந்தியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வைகாசியில் வரதர் கோயில் கருட சேவையைக் கஸ்தூரி எந்த வருடமும் விட்டதில்லை. அதனால் கருட சேவை முடிந்ததும் கிளம்புவது என்று முடிவு செய்தோம்.

சென்னை அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் இதை அப்படியே சொன்னேன். "வசந்த காலத்துல போகணும்மா. துலிப் பாக்கத்தான் போறோம், மத்த ஊரெல்லாம் சும்மா. வைகாசி கருட சேவை முடிஞ்ச கையோட."

"ஓகே சார், ஜூன் பேட்ச்ல போட்டுடறேன்" என்றாள்.

அவள் கையிலிருந்த புத்தகத்தின் அட்டை முழுக்கத் துலிப் பூ. பதினான்காம் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், பருவத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி இருந்ததை ஊருக்குத் திரும்பிய பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எனக்குத் தெரியாமல் போனது என் தவறு. தெரிந்த அவள் சொல்லாமல் விட்டது யார் தவறு?

ஜூன் மாதம் பத்து நாளில் ஆறு நாடு. முப்பத்தெட்டுப் பேர் ஒரு பேருந்தில். எட்டாம் நாள் மதியம் 2.35க்கு அந்தத் தோட்டத்துக்கு முன்னால் வண்டி நின்றது. கேட்டு பூட்டியிருந்தது. எங்களை அழைத்துப் போன வழிகாட்டி இறங்கி வந்து, "அங்கிள், சீசன் முடிஞ்சிடுச்சு. காத்தாடி மில் பாக்கலாம் வாங்க, அதுவும் சூப்பரா இருக்கும்" என்றான்.

கஸ்தூரி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். மண்ணைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். சிறிய டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, கையைக் காட்டி ஏதோ சொன்னார். "அடுத்த வருஷம் ஏப்ரல்ல வாங்கன்றார் ஆன்ட்டி" என்றான் வழிகாட்டி.

"வரேன்பா" என்றாள் கஸ்தூரி, தமிழில். அந்த மனிதர் தலையாட்டினார். மொத்தம் ஐந்து நிமிடம். 2.40க்கு வண்டி கிளம்பிவிட்டது.

ஊருக்கு வந்த மறுநாள் மாலை கோயிலுக்குப் போனோம். மேற்குக் கோபுர வாசலில் பூ விற்கும் செல்வி எங்களுக்கு இருபது வருடப் பழக்கம். தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, பூவு பாத்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி சொல்லிவிட்டாள். "பாத்தோம்டி. ஆறு ஓடற மாதிரி இருக்குது. செவப்பு, மஞ்சா, வெள்ள."

"வாசன எப்டி?"

"உள்ள பூந்ததும் தூக்கிச்சுடி. செண்பகம்லாம் கிட்ட வர முடியாது."

"மொழம் இன்னா வெல போவுது அங்க?"

"அங்க யாரும் கட்டறதில்லடி. செடியிலயே வுட்டுடறாங்க."

"கட்டாத பூவு எதுக்குக்கா?" என்று செல்வி சிரித்தாள். பக்கத்தில் நின்ற நாலு பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஆறு மாசமா பஸ் ஸ்டாண்டு பூரா சொல்லிக்கினு திரிஞ்சீங்க. இப்ப பூட்டின கேட்ட பாத்துட்டு வந்தோம்னு சொன்னா, உங்கள பாத்து சிரிக்க மாட்டாங்களா? அத நான் பாத்துக்கினு நிக்கணுமா?"

என் பதிவேட்டில் முப்பத்தோரு வருடத்தில் தாமதமாக வந்த ஒரு வண்டியைச் சரியான நேரத்தில் வந்ததாக நான் எழுதியதில்லை. "ரெண்டு நிமிசம்தான் சார், போட்டு வுடு சார்" என்று எத்தனை ஓட்டுநர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். எழுதியதில்லை. இப்போது வராத வண்டி ஒன்று வந்ததாக என் வீட்டிலேயே எழுதியாகிவிட்டது, அதுவும் எனக்காக. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மறுபடி போக வேண்டும். கஸ்தூரிக்கு வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. டாக்டர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இவ்வளவு தூரம் போக முடியுமா என்பது தெரியாது. ஆகவே 2008 ஏப்ரலை விட்டால் வேறு வருடம் இல்லை.

இந்த முறை திட்டத்தை நானே போட்டேன். முதலில் தோட்டத்து அலுவலகத்துக்கு மின்னஞ்சல். "துலிப் எந்தத் தேதியில் பூக்கும்?" என்று கேட்டேன். வானிலையைப் பொறுத்தது என்று பதில் வந்தது. "புரிகிறது. இருந்தாலும் எந்தத் தேதி?" என்று மறுபடி எழுதினேன். இப்படி ஐந்து கடிதம். பதில் எழுதிய அம்மாள் பொறுமைசாலி. ஐந்துக்கும் பதில் போட்டார். கடைசிக் கடிதத்தில் அவர் விளக்கியது இது: மார்ச் மூன்றாம் வாரம் திறந்து மே மூன்றாம் வாரம் மூடுவார்கள், ஏறக்குறைய எட்டு வாரம். தேதி வருடத்துக்கு வருடம் சற்று மாறும். முதலில் வேறு பூக்கள், பிறகுதான் துலிப். ஏப்ரல் நடுவிலிருந்து கடைசி வரை வந்தால் பெரும்பாலும் பார்க்கலாம், ஆனால் குளிர் நீண்டால் எல்லாம் தள்ளிப்போகும்.

நம் கணக்கில் சொன்னால், பங்குனி முதல் வாரத்தில் திறந்து வைகாசி பிறந்ததும் மூடிவிடுகிறார்கள். அவர்களுடைய வசந்தம் பங்குனியும் சித்திரையும்தான். பஞ்சாங்கத்தின் மேல் பிழை இல்லை. அதை அங்கே எடுத்துக்கொண்டு போனது நான்.

சரியான ஒரு தேதி கிடைக்காது என்று தெரிந்ததும், ஐந்து நாள் தங்குவது, அதில் தோட்டத்துக்கு இரண்டு முறை போவது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுவது என்று முடிவு செய்தேன். படிப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

விசாவுக்கு ஆறு வாரம் முன்பே சென்னையில் விண்ணப்பித்தோம். போன வருடம் போனவர்கள் ஏன் மறுபடி போகிறீர்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்று, நடந்த அநியாயத்தை மூன்று பக்கம் எழுதி, காலண்டர் தாளின் நகலையும் சேர்த்து வைத்தேன். வாங்கியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தேவையில்ல சார்" என்றார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினோரு நாளில் விசா வந்தது.

கிளம்புவதற்கு முன் செல்வி கேட்டாள். "மறுபடியுமாக்கா? போன வருசம்தான பாத்துட்டு வந்தீங்க?"

"இன்னொரு தபா பாக்கணும்போல இருக்குதுடி" என்றாள் கஸ்தூரி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன். வீட்டிலிருந்து காலை 5.20க்கு வாடகைக் கார். மீனம்பாக்கம் 66 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூரில் லாரி நெரிசல் இருந்தும் 6.55க்குப் போய்விட்டோம். கட்டணம் 1,100 ரூபாய். விமானம் 10.05க்கு, வளைகுடா வழியாக, போக வர ஆளுக்கு 36,400. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் அவர்கள் நேரப்படி மாலை 7.50க்கு இறங்கினோம். வெளியே வெயில் அடித்தது. "மணி எட்டாவுது, பொழுது அப்டியே நிக்கிது பாருங்க" என்றாள் கஸ்தூரி. வெயில் இருந்ததே தவிர, குளிர் ஏழு டிகிரி. விமானத்தில் ஏற்கெனவே அவளுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டது.

தோட்டம் இருப்பது லிஸ்ஸே என்ற சிறிய ஊரில். ஆம்ஸ்டர்டாமில் தங்க வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் இருக்கிறது. லெய்டன் என்ற ஊருக்குப் பதினேழு நிமிடம், ஆளுக்கு 5 யூரோ 20 சென்ட். ஒரு யூரோ அப்போது அறுபத்து மூன்று ரூபாய். லெய்டன் நிலையத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு விதவை அம்மாள் நடத்தும் விடுதியில் தங்கினோம். இருவருக்கும் காலை உணவோடு நாளுக்கு 58 யூரோ. முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்கவும்: அந்த ஊர் மாடிப்படி ஏணியை நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். கீழ்த்தள அறை வேண்டும் என்று எழுதிக் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு போங்கள். நான் வாங்கியிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரயில் நிலையத்துக்கு வெளியிலிருந்தே தோட்டத்துக்குப் பேருந்து. பலகையில் 9.42 என்று போட்டிருந்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 9.42க்குக் கிளம்பியது. எனக்கு அந்த தேசத்தின் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. ஓட்டுநர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். நானும் பேருந்துத் துறைதான், நேரம் குறிப்பவன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்தார். "அப்படியானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வருடம் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலக் குளிர் போக மறுக்கிறது. என் வண்டி நேரத்துக்கு வருகிறது, பூ பத்து நாள் தாமதம்" என்றார்.

ஓட்டுநர் என்ன சொல்கிறாள் என்று கஸ்தூரி கேட்டாள். நான் சொல்லவில்லை. தோட்டம் வரும் வரை இருபத்தைந்து நிமிடமும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே கேட்டு. திறந்திருந்தது. கஸ்தூரி கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இதான் அந்த எடம்" என்றாள். நுழைவுச்சீட்டு ஆளுக்குப் பதிமூன்றரை யூரோ. உள்ளே எண்பது ஏக்கர். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உண்டு. அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

மரங்களில் இலை இல்லை. மஞ்சள் நிறத்தில் வேறு ஏதோ பூக்கள் நிறைய இருந்தன. துலிப் பாத்திகள் வரிசை வரிசையாகப் பச்சையாக நின்றன, எல்லாம் மூடிய மொட்டு. "வெண்டப் பிஞ்சு மாதிரி நிக்கிதுங்க" என்றாள். காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குளத்தையும் மரப்பாலத்தையும் தேடினோம். இரண்டு மணி நேரம். 12.20க்குக் கிடைத்தது. மரம் உயரமாக வளர்ந்திருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. ஆறுபோல வளைந்து ஓடும் பாத்தியும் இருந்தது. பச்சை ஆறு. ஒரு பூ திறக்கவில்லை. கஸ்தூரி எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

அங்கே பெரிய கண்ணாடிக் கூடம் ஒன்று இருக்கிறது. கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நூற்றுக்கணக்கான வகைத் துலிப், முழுக்க மலர்ந்து நின்றன. கறுப்பு நிறத்தில்கூட இருந்தது. "பார்த்தாச்சு கஸ்தூரி" என்றேன்.

அவள் ஒரு சுற்று வந்தாள். பிறகு கேட்டாள். "அந்தப் படத்துல கூர இருந்துச்சா?"

"இல்ல."

"இது உள்ள வெச்சி சூடு காட்டி வளத்தது. டிப்போவுல நிக்கற வண்டிய ஸ்டாண்டுக்கு வந்ததா எழுதுவீங்களா?"

எழுத மாட்டேன். வெளியே வந்தேன். என்னைவிடப் பிடிவாதக்காரி என்பதை அன்றுதான் முழுதாக அறிந்தேன்.

சனிக்கிழமை நாள் முழுக்க மழை. ஊரிலிருந்து கொண்டுபோன கோயில் இட்லியும் புளியோதரையும் அன்றோடு தீர்ந்தன. கோயில் இட்லி இரண்டு நாள் தாங்குகிறது, மிளகும் சுக்கும் குளிருக்கு நல்லது, எடுத்துப் போங்கள். ஞாயிறு காலையில் மேகம் விலகியது. மதியம் பதினெட்டு டிகிரி என்று விடுதி அம்மாள் சொன்னார். அவர் வீட்டுத் தொட்டியில் காலையில் மூடியிருந்த துலிப் மொட்டு ஒன்று மதியம் திறந்து, மாலையில் மறுபடி மூடிக்கொண்டது. அது வெயிலுக்குத் திறக்கிற பூ என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கஸ்தூரிக்குச் சளியும் விட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை எங்களுக்குத் திரும்பும் விமானம். மிச்சம் இருந்தது திங்கள் ஒன்று.

ஏப்ரல் 21, திங்கள். அதே 9.42 வண்டி. வழியில் எதையும் பார்க்காமல் நேராக அந்தப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தோம். மொட்டுகளில் பச்சை போய்ச் சிவப்பு ஏறியிருந்தது, ஆனால் வாய் மூடியே இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

10.25, ஒன்றும் இல்லை. 10.50, மேகம். 11.10, மேகம் போய் வெயில். 11.25, குளத்துக்குப் பக்கத்தில் முதல் பூ நுனி பிரிந்தது. 11.40, பதினேழு எண்ணினேன். 11.55, எண்ண முடியவில்லை.

12.10க்கு ஆறு முழுவதும் சிவப்பு.

கஸ்தூரி எழுந்து நின்றாள். தாளை என்னிடமிருந்து வாங்கி ஒருமுறை பார்த்தாள், எதிரே பார்த்தாள், தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். "வந்துடுச்சு. எழுதிக்கோங்க" என்றாள். எழுதினேன்.

ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். கிளம்பும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை நீட்டி, குனிந்து ஒரு பூவை முகர்ந்தாள். இன்னொன்றை முகர்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"ஏங்க, இதுல வாசனையே இல்லியே."

நானும் குனிந்து பார்த்தேன். இல்லை.

"செல்விகிட்ட தூக்கிச்சுன்னு சொல்லிட்டனே. செண்பகத்த வேற இழுத்து வுட்டனே. பூ விக்கறவகிட்ட போயி வாசனையில பொய் சொல்லியிருக்கேன் பாருங்க."

வந்த வழியில் போகாமல், வாசலுக்கு நேர்வழி என்று பலகை காட்டிய பாதையில் திரும்பினோம். அறுபது எழுபது அடி போயிருப்போம், கஸ்தூரி நின்றுவிட்டாள். எனக்கும் வந்தது. கோயிலில் பூக்கூடையைக் கவிழ்த்தால் வருவது போல, தொண்டை வரை இறங்குகிற மணம். வளைவைத் தாண்டினால் நீலமும் வெள்ளையும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்த பாத்திகள். பலகையைப் படித்தேன். ஹயசிந்த். வெள்ளிக்கிழமையே பூத்திருக்க வேண்டும். துலிப் துலிப் என்று வேறு பக்கம் அலைந்துகொண்டிருந்தோம், அவளுக்கு மூக்கும் அடைத்திருந்தது.

"இதான்" என்றாள் கஸ்தூரி.

"இது துலிப் இல்ல. ஹயசிந்த்னு போட்டிருக்குது."

"துலிப்பு மணக்குதுன்னு நான் எங்க சொன்னேன்? உள்ள பூந்ததும் தூக்கிச்சுன்னேன். தூக்குதா இல்லியா?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்ன வார்த்தை அதுதான். "தூக்குது."

"அப்புறம் இன்னா?"

"தேதி தப்பு. நீ சொன்னது போன வருசம்."

"தேதிய நீங்க திருத்திக்கோங்க. அது உங்க வேலதான?" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தாள், ஆனால் என் தோளைப் பிடிக்கவில்லை.

மொத்தச் செலவு இருவருக்கும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். போன வருடம் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்ததில் இது பாதி.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பயண நிறுவனம் ஜூன் மாதப் பயணத்துக்கான புத்தகத்தின் அட்டையிலிருந்து துலிப்பை எடுக்க வேண்டும். எடுக்க மனமில்லை என்றால், தோட்டம் மூடும் தேதியைப் படத்தின் மேலேயே, என் வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் அச்சிட வேண்டும். மன்னிப்புக் கடிதம் எனக்கு வேண்டாம். கஸ்தூரியின் பெயருக்கு எழுத வேண்டும், தமிழில். துலிப் பார்க்க வைகாசியில் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அப்போது தோட்டம் மூடியிருக்கும் என்று முன்பதிவு எழுதுகிற பெண் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

காலண்டர் அச்சிடுபவர்கள் அந்தப் படத்தை ஏப்ரல் தாளுக்கு மாற்ற வேண்டும்.

போக நினைப்பவர்கள் தை மாதமே விமானச் சீட்டு வாங்க வேண்டும், மாசியில் விசாவுக்குக் கொடுக்க வேண்டும், சித்திரை முதல் பத்து நாளில் அங்கே இருக்க வேண்டும். தோட்டத்துக்கு இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். காலையில் மொட்டாக இருந்தால் கோபித்துக்கொண்டு கிளம்பாமல், வெயில் வரும் வரை உட்கார வேண்டும். நட்டு வளர்க்கத் துலிப் கிழங்கு வாங்கினால் நம் விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள், நாங்கள் வாங்கவில்லை.

டாக்டர் முழங்காலுக்கு நாள் குறிக்கலாம். இனித் தடை இல்லை.

தேதியைத் திருத்த வேண்டியது நான். எங்கள் தெருக்காரர்கள் இணையத்தில் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதியது மட்டும் போதாது. வரும் வெள்ளிக்கிழமை மாலை 5.30க்கு மேற்குக் கோபுர வாசலில், செல்வியிடம், பக்கத்தில் நிற்பவர்களும் கேட்கும்படி, போன வருடம் பார்த்தது பூட்டிய கேட்டு, பூவைப் பார்த்தது இந்த வருடம் என்று நான் சொல்ல வேண்டும். கஸ்தூரியும் கூட வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். வாசனையைப் பற்றிச் செல்வி கேட்டால், பதில் சொல்ல வேண்டியது கஸ்தூரி.